ஆர்ஜியாவின் சீழ்க்கை

ஆர்ஜியாவின் உப்புக்கண்டக் கடைக்குப் போகிறவர்கள், முந்தின ஞாயிறு தியேட்டரில் எங்கே கைதட்டினோம் என்று ஒரு தரம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். பாட்டு முடிவதற்கு முன்னால் தட்டியவருக்கு, தாள் மாதிரி மெல்லிசாகச் சீவவேண்டிய ஹாம் தடித்தடியாக விழும், ஓரத்துக் கொழுப்போடு. சுருதி தப்பிய பாடகிக்கு 'பிராவா' என்று சபாஷ் போட்டவருக்கு அதுவும் கிடையாது. "தீந்துபோச்சு" என்பாள், தலைக்கு மேலே பன்றித்தொடைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே.

எங்கள் ஊர் பொர்கோலுங்கோவின் ஓபரா தியேட்டர் சின்னதுதான். கீழே மெத்தை நாற்காலியில் பணம் உள்ளவர்கள், சுற்றிலும் அடுக்குப் பெட்டிகளில் வக்கீல்களும் அவர்கள் மாமியார்களும், எல்லாருக்கும் மேலே கூரையை முட்டிக்கொண்டு மேல்மாடம். அங்கே மரப் பெஞ்சுதான். மேடையில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாட்டு அங்கேதான் சுத்தமாகக் கேட்கும், தீர்ப்பும் அங்கிருந்துதான் வரும். பாடகர்கள் கீழே இருப்பவர்களைக் கும்பிடுவார்கள், மேலே இருப்பவர்களுக்குப் பயப்படுவார்கள்.

மேல்மாடத்தின் முதல் சீழ்க்கை ஆர்ஜியாவுடையது. இந்தப் பக்கத்தில் சீழ்க்கை என்பது கொண்டாட்டமில்லை. முகத்தில் காறித் துப்புவதற்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். கடையில் தராசுக்குக்கூட கை எட்டாத சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலேயே, ஊரெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு பாடகன் உச்சஸ்தாயியில் பிசிறடித்தபோது, எல்லாரும் மரியாதைக்காகச் சும்மா இருக்க, அவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒன்று விட்டாள். அந்த ஆள் வேஷம்கூடக் கலைக்காமல் ரயிலேறிப் போனான் என்பார்கள். அன்றிலிருந்து அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிக்கலாம். அவள் வைத்த சட்டம் ஒன்றும் உண்டு. பாட்டின் கடைசி நாதம் அடங்குகிற வரை ஒருவரும் மூச்சு விடக்கூடாது. அதற்கு அப்புறம் கொல்லலாம்.

இவளைக் கட்டிக்கொண்ட அடெல்மோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தியேட்டரில் மேடையேறுகிறவன். பாட இல்லை, சும்மா நிற்க. ஈட்டி பிடித்த சேவகன், மெழுகுவர்த்தி பிடித்த சாமியார், ஒரு தரம் ஒரு முழு அங்கமும் பிணம். மேலேயிருந்து பார்க்கிற பெண்டாட்டிக்கே பல நாள் எந்த ஈட்டி தன் வீட்டு ஈட்டி என்று தெரியாது. வீட்டுக்கு வந்து "நல்லா நின்னியா?" என்று கேட்பாள். "நின்னேன்" என்பான். அதோடு அந்தப் பேச்சு முடியும்.

போன குளிர்காலத்தில்தான் வந்தது வினை. எங்கள் ஊரில் பிறந்த சங்கீத மேஸ்த்ரோ ஒருவர் பல தலைமுறைக்கு முன்னால் எழுதிய ஓபரா ஒன்று உண்டு. அதற்கு நீளமாக ஏதோ பெயர். ஊரில் 'கோட்டை' என்றாலே போதும். கோட்டைப் பிரபு, படகோட்டியைக் காதலித்த மகளை மழையில் விரட்டிவிட்டு, மூன்றாம் அங்கத்தில் சாப்பாட்டு மேசை முன்னால் தனியாக நின்று அழுது பாடுவான். அந்தப் பாட்டுக்கு எங்கள் ஊரில் ரொட்டிக் கடைக்காரர்கள்கூட மாவு பிசைவதை நிறுத்துவார்கள். அதைப் புதிதாக மேடையேற்ற மிலானிலிருந்து ஃபுல்வியோ என்று ஒரு இளம் இயக்குனரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்ததும் முதல் காரியமாகக் கோட்டையை இடித்தார். கோட்டை இருந்த இடத்தில் தக்காளி டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலை. பிரபு முதலாளி ஆனார், படகோட்டி லாரி டிரைவர் ஆனான். வரி மறந்தால் எடுத்துக் கொடுக்கிறவர் மேடை ஓரத்தில் உட்காருவாரே ஒரு குழி, அதையும் பலகை போட்டு மூடி மேலே தக்காளிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்.

செய்தி வந்த அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. மருந்துக்கடை லெயார்கோ கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மருந்துக்கடைக்காரர் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் டாக்டர். மேல்மாடத்தில் ஆர்ஜியாவுக்கு அடுத்த இடத்துக்கு ஆசைப்படுகிறவர். சரியாகச் சொன்னால் அவளுடைய இடத்துக்கே.

"பாட்டு நடக்கும்போது பின்னால ஒருத்தன் ஒக்காந்து சாப்பிடறானாம் சிஞோரா! மூணாம் அங்கத்துல! அந்தப் பாட்டுல!"

"யாரு சாப்பிடறது?"

"ஃபாக்டரி வாட்ச்மேனாம். முதலாளி இங்க நெஞ்சு வெடிச்சுப் பாடறான், அவன் பாட்டுக்கு பாஸ்தா தின்னுட்டிருக்கான். திரும்பிக்கூடப் பாக்கமாட்டானாம். கேட்டா, உலகம் அப்படித்தானாம்."

ஆர்ஜியா கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். "பாட்டு முடியட்டும். அந்தத் தட்டோட சேத்து மிலானுக்கு அனுப்பறேன்."

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மாடிக்கு வந்தவள், படுக்கையறையில் அலமாரிக் கண்ணாடி முன்னால் அடெல்மோ நாற்காலி போட்டு உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கு சாப்பிடுவதைப் பார்த்தாள். மெதுவாக, ஒரே சீராக, தன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"என்ன பண்றே?"

"சாப்பிடறேன்."

"கண்ணாடியப் பாத்துக்கிட்டா? அழகு பாக்கற வயசா இது?"

"பழகறேன்."

"சாப்பிடறதுக்கா? அதுல ஒனக்கு என்னிக்குப் பழக்கம் விட்டுச்சு?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். காது நுனி சிவந்துவிட்டது. "இயக்குனர் எங்க எல்லாரையும் வரிசையா ஒக்கார வெச்சு சாப்பிடச் சொன்னாரு. நான் சாப்பிட்டதப் பாத்ததும் எந்திரிச்சு வந்து தோளத் தட்டினாரு. 'இதான், இதேதான்'னாரு. ஈட்டிக்காரங்க எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு ஆர்ஜியா. என்னை மட்டும் வெச்சுக்கிட்டாரு. அந்தப் பாட்டு பூராவும் மேடையில ரெண்டே பேரு. அவரும் நானும்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"முடியாதுன்னு சொல்லிடு."

"மாட்டேன்."

"நான் சீழ்க்கையடிப்பேன் அடெல்மோ. புருஷன்னு பாக்கமாட்டேன். இன்னிக்குக் காலையில ஊர் பாக்கச் சொல்லிட்டேன்."

"அடி. யார் வேணாம்னா?" என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான். அவளுக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பாள். ஆனால் அவன் மறுபடி கண்ணாடியைப் பார்த்து மெல்ல ஆரம்பித்திருந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு வேண்டுமா, கதவு பூட்டியாச்சா, அவ்வளவுதான் பேச்சு. கடையில் ஆர்ஜியா சிரிக்கவில்லை. லெயார்கோ தினம் ஒரு தரம் வந்து, "சிஞோரா, வீட்டுக்காரர்ங்கறதால மனசு கினசு..." என்று ஆரம்பிப்பார். "டாக்டர், ஒங்க கடையில இருமலுக்கு மருந்து இருக்கில்ல? மொதல்ல நீங்க குடிங்க" என்று வாயை அடைப்பாள். அவர் வாயை அடைத்தாள், கேள்வியை அடைக்க முடியவில்லை. அடித்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அடிக்காவிட்டால் மேல்மாடத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? கறி அரைக்கிற இயந்திரத்தின் முன்னால் நின்றபடி இதையே அரைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் புதிதாக மேடையேற்றுகிற ஓபராவின் முதல் ஆட்டம் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். அன்றைக்குப் பூரணம் வைத்த டோர்டெல்லி பாஸ்தாவை வேகவைத்து, வெண்ணெய் ஊற்றி, சீஸ் துருவிப்போட்டு வைத்தாள். அடெல்மோ தொடவில்லை. "மேடையில சாப்பிடணும், பசி இருக்கணும்" என்றான். வாசலில் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். மேடையேறப் போகிறவனிடம் 'ஓநாய் வாய்க்குள்ள போ' என்று சொல்லி வாழ்த்தி அனுப்புவது எங்கள் வழக்கம். அவன் 'ஓநாய் சாகட்டும்' என்று பதில் சொல்லவேண்டும். இத்தனை வருஷமும் ஈட்டிக்காகக்கூட அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. அன்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நின்றாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். அவன் தெருமுனை திரும்பிவிட்டான்.

மேல்மாடம் பிதுங்கி வழிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சீழ்க்கை கேட்கவே வண்டி கட்டி வந்திருந்தார்கள். கூட்டத்தில் பூண்டு வாசமும் லாம்ப்ருஸ்கோ ஒயின் வாசமும் அடித்தன. தூணை ஒட்டிய தன் இடத்தில் ஆர்ஜியா உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் லெயார்கோ, அந்தப் பக்கம் தியேட்டர் என்றால் கண்ணீரோடு வருகிற தையல்காரி இசிதே.

திரை விலகியதும் ஊரே "ஓ..." என்றது. தொழிற்சாலையில் டப்பாக்களை நகர்த்துகிற நிஜமான பட்டை ஒன்று மேடைக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது, அதன்மேல் சிவப்புச் சிவப்பாக டப்பாக்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள் கூட்டம் அந்தப் பட்டையின் தாளத்துக்கே பாடியது. ஆர்ஜியா வயசுக் காலத்தில் ஒவ்வொரு கோடையும் அந்த மாதிரிப் பட்டை முன்னால் நின்றவள். "ஏப்ரன முன்னால முடிஞ்சிருக்காளுங்க. பின்னால முடியணும், இல்லேன்னா பட்டையில மாட்டி இழுத்துரும்" என்று முணுமுணுத்தாள். திட்டத்தான் செய்தாள். ஆனால் உடம்பு பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டது. மகளை விரட்டுகிற இடத்தில் முதலாளி ஒரு பொத்தானை அமுக்கினார். பட்டை நின்றது. அத்தனை டப்பாவும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றபோது இசிதே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்ஜியாவுக்குக் கையெல்லாம் புல்லரித்தது. அதற்காகவும் இயக்குனர்மேல் கோபம் வந்தது.

மூன்றாம் அங்கம். இருட்டு. ஒரு மேசை, ஒரு விளக்கு. பனியனோடு அடெல்மோ வந்தான்.

அவள் அவனை மேடையில் தனியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்த விதம், கைக்குட்டையைக் கழுத்தில் செருகிய விதம், ரொட்டியைப் பிட்டுவிட்டுத் துகளை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்ட விதம், எல்லாம் அவள் தினமும் பார்ப்பதுதான். தினமும் பார்ப்பதை இன்றைக்கு இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதலாளி வேஷக்காரன் எஃபிசியோ, சார்தேஞ்யாத் தீவிலிருந்து வந்த மலை போன்ற ஆள், விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே நின்று பாட ஆரம்பித்தான். நல்ல குரல். அவளால் குறை சொல்ல முடியவில்லை. அடெல்மோ சாப்பிட்டான். ஒரு மனிதனின் வீடு இடிகிறது, பக்கத்தில் இன்னொருவன் பாஸ்தாவைச் சுருட்டுகிறான். அந்த அலட்சியம் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவன் முதுகில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. இரண்டு விரல் தானாக உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பாட்டு முடியட்டும், முடியட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் காதுக்குப் பக்கத்தில் ஒரு சீழ்க்கை கிழித்தது. லெயார்கோ.

பாட்டு பாதியில் இருக்கும்போது!

அந்த மேல்மாடத்தில் அப்படி ஒரு அசிங்கம் அதுவரை நடந்ததில்லை. எஃபிசியோ திடுக்கிட்டுத் தலை தூக்கினான். வாத்தியங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வரி மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கிற குழியின் பக்கம் பார்த்தான். அங்கே தக்காளிப் பெட்டிதான் இருந்தது. வாத்தியத் தலைவர் வாயை அகலமாக அசைத்துக் காட்டினார். அவன் கண்ணில் அது ஏறவில்லை. வாத்தியங்கள் அதே அடியைத் திரும்ப வாசித்தன, இன்னொரு தரமும் வாசித்தன.

அடெல்மோவுக்கு அந்த வரி தெரியும். பொர்கோலுங்கோவில் பிறந்தவன், தெரியாமல் எப்படி? ஆனால் வாய் நிறைய பாஸ்தா. எதற்காகவும் நிமிரக்கூடாது என்பது உத்தரவு. அவன் நிமிர்ந்தான். மெல்வதை நிறுத்தி, கரண்டியைப் பாதியில் பிடித்தபடி நேராக மேலே, இருட்டுக்குள், தூணை ஒட்டிய இடத்தைப் பார்த்தான். அவனுக்கு அவள் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் பார்த்தான். அப்படிக் கெஞ்சி அவன் அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

ஆர்ஜியா எழுந்தாள். அவள் குரல் பாட்டுக்கான குரல் இல்லை, கத்தி தீட்டுகிற குரல். அந்தக் குரலில் பாடினாள்:

"கதவைச் சாத்தாதே, மழையில் யாரோ நிற்கிறார்கள்..."

இசிதே சேர்ந்துகொண்டாள். பின்வரிசை ரொட்டிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். சீழ்க்கையடிக்க வந்த மேல்மாடம் பூராவும் எழுந்து நின்று அந்த ஒரு வரியைக் கீழே அனுப்பியது. எஃபிசியோ இரண்டு கையையும் விரித்து அதை வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் பாடினதுதான் பாட்டு. அடெல்மோ தலையைக் குனிந்து, நிறுத்திய இடத்திலிருந்து மெல்ல ஆரம்பித்தான். கடைசி நாதம் அடங்கியதும் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு ஆரவாரம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கீழே மெத்தை நாற்காலிக்காரர்கள் கழுத்து சுளுக்க மேலே பார்த்துக் கைதட்டினார்கள்.

"வித்துட்டே எங்கள! புருஷனுக்காக வித்துட்டே!" என்றார் லெயார்கோ, முகமெல்லாம் வியர்த்து.

"நடுப்பாட்டுல சீழ்க்கையடிச்ச வாயோட எங்கிட்ட பேசாத டாக்டர். அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போ."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரொட்டிக்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று பெஞ்சைக் காட்டினார்கள். போய்விட்டார்.

கடைசியில் எல்லாரும் வந்து வணங்கினார்கள். எஃபிசியோவுக்குப் பூ மழை. அதன் பிறகு இயக்குனர் ஃபுல்வியோ ஓரத்திலிருந்து வந்தார். தனியாக வரவில்லை. பனியனோடு நின்றிருந்த அடெல்மோவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்தார். ஈட்டிக்காரனை யாரும் வணங்க அழைத்ததில்லை. கைதட்டல் மெல்ல மெல்ல அடங்கியது. மேல்மாடம் பூராவும் தூண் பக்கம் திரும்பிற்று.

ஆர்ஜியா தனக்குள் கணக்குப் பார்த்தாள். பட்டை நன்றாக இருந்தது. பொத்தான் மிக நன்றாக இருந்தது. மேசை? அந்தப் பாட்டில் முள்கரண்டி தட்டில் இடித்த சத்தம் இரண்டு இடத்தில் குரலைக் கெடுத்தது. அவள் காது அதைக் கேட்டது. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொன்னால் இங்கே உட்கார்ந்திருப்பது அடெல்மோவின் பெண்டாட்டி, ஆர்ஜியா இல்லை. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

அந்தச் சீழ்க்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். உடனே மேல்மாடம் முழுக்கக் கூடச் சேர்ந்தது. பாதிப் பேர் சீழ்க்கை, பாதிப் பேர் பிராவோ, ஒரே ரகளை. இயக்குனர் வெளுத்துப்போய் ஒரு அடி பின்வாங்கினார். அடெல்மோ அவர் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தான். தலை முட்டியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து ஒரு வணக்கம் போட்டான். நிமிர்ந்தான். மறுபடி ஒன்று போட்டான்.

என்னைக் கேலி செய்கிறான், மனசு உடைந்துபோய்ச் செய்கிறான் என்று நினைத்தாள் ஆர்ஜியா. குளிர்கோட்டுகூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள். தியேட்டரின் பின்கதவில் பாடகர்களுக்காகக் கூட்டம் நெருக்கியடித்தது. இரண்டு முழங்கையாலும் இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். என்ன சொல்வது என்று ஒரு வார்த்தையும் தேறவில்லை. கதவு திறந்தது. தாடையில் தக்காளிக் கறையோடு அடெல்மோ வந்தான்.

"கேட்டியா?" என்றான். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளை முகம். "ஆர்ஜியா, கேட்டியா? எனக்கு அடிச்சாங்க!"

"நான்தான்யா அடிச்சேன்."

"அது எனக்குத் தெரியாதா? ஒன் சீழ்க்கை எனக்குத் தெரியாதா?"

"முள்கரண்டி இடிச்சுது. ரெண்டு எடத்துல."

"மூணு எடத்துல. ஒண்ணு ஒனக்குக் கேக்கல." அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "இத்தனை வருஷமா அந்த மேடையில நாற்காலி மாதிரி நிக்கறேன். நாற்காலியப் பாத்து யாராவது சீழ்க்கையடிப்பாங்களா, சொல்லு? இன்னிக்கு அடிச்சாங்க. ஊரே அடிச்சுது."

அந்த மேல்மாடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து அத்தனை பேரையும் பார்த்த ஆர்ஜியா, தன் வீட்டு ஈட்டி எது என்று ஒரு நாள்கூடத் தேடிப் பார்த்ததில்லை. அது அவளுக்கு அந்தப் பின்கதவில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் உறைத்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சரி சரி, அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருக்கு" என்றான் அடெல்மோ, அவள் முதுகைத் தட்டிக்கொண்டு. "வந்துடு. தூண்கிட்டயே ஒக்காரு. அங்கதான் பாப்பேன்."